கச்சான் ஓயும் முன்னே பெரும்போகம் தொடங்குகிறது

ஒவ்வோர் ஆண்டும் ஓகஸ்ட் 28 அளவில் நண்பகற் சூரியன் யாழ்ப்பாணத்தின் உச்சிக்கு நேராக நிற்கிறது. அங்கிருந்து தெற்கு நோக்கி நகர்ந்து, செப்டெம்பர் 7 அளவில் இலங்கையின் தென்முனையைக் கடந்துவிடுகிறது. இந்தப் பத்து நாட்களும் வெயில் தலைக்கு மேலே நேராக இறங்கும். வவுனியா, முல்லைத்தீவு, மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கங்களில் பகல் வெப்பநிலை 33 முதல் 35 பாகை செல்சியஸ் வரை இருப்பது வழக்கம். சில நாட்களில் அதற்கும் மேலே போகும்.

சிறுபோக அறுவடை முடிந்திருக்கும், அல்லது முடியும் தறுவாயில் இருக்கும். குளங்களின் அடிமட்டம் தெரியும். கிணறுகளில் வாளிக் கயிறு நீளும். மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்று மண்வெட்டியைச் சாத்திவைத்துவிட்டு, கோவில் திருவிழாக்களுக்கும் வீட்டு வேலைகளுக்கும் கமக்காரர்கள் திரும்பும் காலம் இது. ஆனால் வரப்போகும் பெரும்போகம் நன்றாக அமைவதா, நடுவில் காய்வதா என்பதில் பாதி, ஆவணியிலும் புரட்டாதியிலும் செய்யும் வேலைகளிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

ஒரே தீவு, இரண்டு விதமான ஓகஸ்ட்

இலங்கை வட அகலக்கோடு 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில் கிடக்கும் சிறிய தீவு. ஆனாலும் ஓகஸ்ட் மாதத்தில் இரத்தினபுரிக் கமக்காரர் குடை பிடிக்கிறார்; மட்டக்களப்புக் கமக்காரர் குடிநீர் தேடுகிறார். இதற்குக் காரணம் நடுவில் நிற்கும் மலைநாடு.

மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு மலையின் மேற்குச் சரிவில் ஏறுகிறது. ஏறும்போது குளிர்கிறது, முகிலாகிறது, அங்கேயே மழையாக இறங்கிவிடுகிறது. ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெறும் இடங்கள் அந்தச் சரிவில் இருப்பது இதனால்தான். ஈரத்தை இழந்த காற்று மறுபக்கம் கிழக்குச் சரிவில் இறங்கும்போது, ஒவ்வொரு 1000 மீற்றர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ 10 பாகை வீதம் சூடேறுகிறது. கிழக்குச் சமவெளியை அது அடையும்போது வறண்ட அனற்காற்றாகியிருக்கும். மட்டக்களப்பாரும் அம்பாறையாரும் கச்சான் என்று சொல்வது இந்தக் காற்றைத்தான்.

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இதே பருவக்காற்றைச் சோளகம் என்பார்கள். அங்கே காற்றை மேலே தூக்கிவிட மலை கிடையாது. அதனால் ஈரம் இருந்தும் பெரும்பாலும் மழை தராமல் காற்று கடந்து போய்விடுகிறது. கிழக்கில் மலையைத் தாண்டி வந்ததால் மழை இல்லை. வடக்கில் மலையே இல்லாததால் மழை இல்லை.

இந்தக் காற்றால் நன்மை பெறும் பயிரும் உண்டு. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்று, கொழுந்தின் வளர்ச்சியை மெதுவாக்கி மணத்தைச் செறிவாக்குகிறது. ஊவாத் தேயிலையின் பெயர்பெற்ற பருவம் அதுதான். தேயிலைக்கு மணம் கொடுக்கும் அதே காற்று, கீழே சமவெளியில் நெல்லையும் காய்கறியையும் வாட்டுகிறது.

குளத்து நீரைக் காற்றும் குடிக்கிறது

குளத்து நீர் வயலுக்குப் பாய்ச்சினால்தான் குறையும் என்று நினைப்பவர்கள் உண்டு. உலர் வலயத்தில் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் திறந்த நீர்ப்பரப்பில் இருந்து ஒரு நாளைக்கு 5 முதல் 6 மில்லிமீற்றர் வரை நீர் ஆவியாகிறது. ஒரு ஏக்கர் பரப்பில் 1 மில்லிமீற்றர் நீர் என்பது ஏறத்தாழ 4000 லீற்றர். 100 ஏக்கர் நீர்ப்பரப்புள்ள ஒரு குளத்தில், துருசைத் திறக்காமலேயே, நாளொன்றுக்கு 20 இலட்சம் லீற்றர் போய்விடுகிறது.

ஆழம் குறைந்து பரந்து கிடக்கும் சிறு குளங்களுக்கு இழப்பு இன்னும் கூடுதலாகத் தெரியும். தூர்ந்துபோன குளத்தில் அதே அளவு நீர் அகலமாகப் பரவி நிற்கும். வெயிலும் காற்றும் பிடிக்கும் பரப்பு கூடும். ஆகவே நீர் வற்றிய இந்த நேரமே குளத்தைப் பார்க்க ஏற்ற நேரம். கட்டில் எலிவளை, கறையான் புற்று, மாடு ஏறி இறங்கிச் சரிந்த இடம், வேர் இறங்கிய மரம் எல்லாம் இப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். துருசின் அடியில் நீர் கசிகிறதா என்று பார்க்கலாம். வான் பாயும் பாதையில் முளைத்த பற்றைகளை வெட்டலாம். நொவெம்பரில் குளம் நிறைந்து வான் பாயும் இரவில், அடைபட்ட வான்பாதைதான் கட்டை உடைக்கிறது. புரட்டாதியில் ஒரு நாள் சிரமதானத்தில் முடியும் வேலை, கார்த்திகையில் ஊரே திரண்டு மண்மூட்டை அடுக்கினாலும் முடியாது.

யாழ்ப்பாணத்தில் ஆபத்து நிலத்தடியில்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஏறத்தாழ 1200 முதல் 1300 மில்லிமீற்றர் வரையான ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்டோபரில் இருந்து டிசெம்பருக்குள் பெய்து முடிந்துவிடும். அது சுண்ணாம்புக்கல்லின் இடுக்குகளில் இறங்கிச் சேமிப்பாகிறது. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் வாழையும் குடிநீரும் அந்த ஒரு சேமிப்பில்தான் நிற்கின்றன.

இந்த நன்னீர், அடியில் கிடக்கும் உவர்நீரின் மேல் வில்லை போல மிதக்கிறது. நன்னீர் எடை குறைந்தது என்பதால், கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் இருந்தால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது பொதுக்கணக்கு. இதைத் திருப்பிப் பார்த்தால் ஆபத்து விளங்கும். அளவுக்கு மேல் இறைத்து நீர்மட்டத்தை நிரந்தரமாக ஒரு அடி குறைத்தால், கீழிருந்து உவர்நீர் காலப்போக்கில் 40 அடி வரை மேலே வர இடம் கிடைக்கிறது.

ஆவணியிலும் புரட்டாதியிலும் நிலத்தடி நீர் ஆண்டிலேயே மிகக் கீழான நிலையை நெருங்குகிறது. பயிரின் தண்ணீர்த் தேவையோ உச்சத்தில் இருக்கிறது. இந்த இரண்டும் சேரும் வேளையில் பெரிய இயந்திரம் பூட்டி ஒரே மூச்சில் பல மணி நேரம் இறைத்தால், கிணற்றுக்கு நேர் கீழே உவர்நீர் கூம்பு போல எழும்பிவிடும். இறைப்பை நிறுத்தினாலும் அது உடனே இறங்காது.

ஆகவே ஒரே நீட்டாக இறைப்பதை விட்டு, காலையில் கொஞ்சமும் மாலையில் கொஞ்சமுமாக இறைப்பது கிணற்றுக்கு நல்லது, பயிருக்கும் நல்லது. நண்பகலில் சோளகக் காற்றுக்குள் தெளிக்கும் நீரில் நல்ல பங்கு செடிக்குப் போகாமல் காற்றோடு போய்விடும். வைக்கோல், பனையோலை, சருகு எது கிடைத்தாலும் அடியில் மூடாக்காகப் போட்டால் இறைப்பு முறையைத் தள்ளிப்போடலாம். மேற்கு, தென்மேற்கு வேலியில் கிளிசரியா நெருக்கமாக இருந்தால் காற்றின் வேகம் குறையும். அதன் இலை பசுந்தாட் பசளையும் ஆகும்.

புரட்டாதி மழையை நம்பலாமா?

செப்டெம்பர் பிற்பகுதியில் காற்றுத் தளரத் தொடங்கும். பின்னேரங்களில் முகில் குவிந்து, இடியோடு ஒரு பாட்டம் மழை பெய்யும். ஒரு கிராமத்தில் வயல் நிரம்ப, அடுத்த கிராமத்தில் புழுதி பறக்கும். இது பருவமழை அல்ல. வெப்பத்தால் அந்தந்த இடத்திலேயே எழும் முகிலின் மழை.

ஒக்டோபர், நொவெம்பர் மாதங்களில் வருவது இரண்டாவது இடைப்பருவ மழை. ஆண்டின் நான்கு பருவங்களில் தீவு முழுவதற்கும் ஓரளவு சமமாகக் கிடைப்பது இதுதான். அநேகமாக எல்லா மாவட்டங்களுக்கும் இந்த இரு மாதங்களில் 400 மில்லிமீற்றர் அளவு மழை கிடைக்கிறது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்களும் புயல்களும் உருவாகும் காலமும் இதுவே. 1978 நொவெம்பர் 23 அன்று மட்டக்களப்பைத் தாக்கிய புயலைப் பெரியவர்கள் இன்றும் ஆண்டுக்கணக்குக்குப் பயன்படுத்துகிறார்கள். டிசெம்பரில் இருந்து பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று.

முதல் இடிமழையில் ஏமாறுவதுதான் புழுதி விதைப்பின் பழைய நோய். 10 மில்லிமீற்றர் மழை மேல் மண்ணை மட்டும் நனைக்கும். விதை முளைத்துவிடும். பிறகு இரண்டு வாரம் வெயில் எறித்தால், வேர் இறங்க ஈரம் இல்லாமல் நாற்றுக் கருகிவிடும். மேலே தெரியும் ஈரத்தை நம்பாமல் அளந்து பார்ப்பதுதான் வழி. நேரான சுவருள்ள ஒரு வெறுந்தகரத்தை மரம், கூரை இல்லாத திறந்த இடத்தில் வைத்து, விடிந்ததும் அடிமட்டத்தால் நீரின் உயரத்தை அளந்தால் போதும். சில நாட்களுக்குள் சேர்ந்த மழை 25 மில்லிமீற்றரைத் தாண்டினால் ஏக்கருக்கு ஒரு இலட்சம் லீற்றர் நீர் விழுந்திருக்கிறது என்று பொருள். அதன்பின் மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் வெட்டிப் பார்க்கவேண்டும். அடிமண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கிறதா, பொடியாகக் கொட்டுகிறதா என்பதே விடை.

புரட்டாதியின் முதல் மழைக்கு விதைப்பை விட நல்ல பயன் ஒன்று உண்டு. அந்த ஈரத்தில் களை விதைகள் முளைக்கும். முளைத்தபின் உழுது புரட்டிவிட்டால், புழுதி விதைப்பில் பிறகு பெரும் தொல்லை தரும் களைகளில் ஒரு பங்கு செலவில்லாமல் ஒழிந்துவிடும்.

குளம் நிரம்பும்வரை காத்திருப்பதா?

சிறு குளங்களின் கீழ் வயல் செய்யும் பல ஊர்களில் இன்றும் பழக்கம் இதுதான்: குளத்தில் நம்பிக்கையான அளவு நீர் ஏறட்டும், பிறகு விதைப்போம். குளம் நிரம்ப டிசெம்பர் ஆகும். ஒக்டோபரிலும் நொவெம்பரிலும் வயலிலேயே விழுந்த மழை, பயிர் இல்லாமல் வீணே வடிந்துவிடும். டிசெம்பர் நடுவில் விதைத்த மூன்றரை மாத நெல் மார்ச் கடைசியில்தான் அறுவடைக்கு வரும். மழை குறைந்த பெப்ரவரி, மார்ச் முழுவதும் குளத்து நீரையே குடிக்கும். சிறுபோகத்துக்குக் குளத்தில் ஒன்றும் மிஞ்சாது.

1970களின் பிற்பகுதியில் அநுராதபுரம் மாவட்டத்தின் வலகம்பாகுவ கிராமத்தில் இதை மாற்றிப் பார்த்தார்கள். குளத்துக்காகக் காத்திருக்காமல், ஒக்டோபர் மழையோடு குறுகிய காலக் நெல்லைப் புழுதியில் விதைத்தார்கள். மழை வயலை வளர்த்தது; அதே மழை குளத்தையும் நிரப்பியது. மிஞ்சிய குளத்து நீர் சிறுபோகத்துக்கு உதவியது. அந்தப் பாடம் இன்றும் பொருந்தும். குளத்து நீர் சேமிப்புப் பணம் போன்றது. வானத்து நீர் அன்றாட வருமானம். வருமானம் வரும்போது அதைச் செலவழித்து, சேமிப்பைக் கடைசிக்கு வைப்பவரே பிழைப்பார்.

தாழ்ந்த வயல்களுக்கு முந்தி விதைக்க இன்னொரு காரணமும் உண்டு. நொவெம்பர் வெள்ளம் வரும்போது பயிர் ஒரு முழமாவது எழும்பியிருந்தால் இரண்டொரு நாள் நீரைத் தாங்கும். அப்போதுதான் முளைத்த பயிர் அழுகிவிடும்.

இதில் பாதகமும் இருக்கிறது. ஒக்டோபரில் விதைத்த பயிர் ஜனவரியில் அறுவடைக்கு வரும்போது வடகீழ்ப் பருவமழை குறுக்கிடலாம். அதற்காகவே ஊருக்கு ஊர் வயது பார்த்து இனம் தெரியவேண்டும். ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் விதைக்க முடிந்த, வடிகால் நல்ல வயலுக்கு பிஜி 352, பிஜி 358 போன்ற மூன்றரை மாத இனங்கள் பொருந்தும். மழை பிந்தி விதைப்பு நொவெம்பருக்குத் தள்ளிப்போனால் பிஜி 300 போன்ற மூன்று மாத இனத்துக்கு மாறவேண்டும். இன்னும் பிந்தினால் இரண்டரை மாத பிஜி 250 இருக்கிறது. ஆகவே ஒரே இனத்தின் விதையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பது நல்லதல்ல.

2016 சொன்ன பாடம்

பசிபிக் கடலில் எல் நினோ இருக்கும் ஆண்டுகளில், இலங்கையில் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மழை பெரும்பாலும் கூடுவதும், அடுத்து வரும் ஜனவரி முதல் மார்ச் வரை குறைவதும் கண்டறியப்பட்டிருக்கிறது. லா நினா ஆண்டுகளில் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மழை குறையும் சாய்வு உண்டு. இந்து சமுத்திரத்தின் மேற்குப் பக்கம் வழமையைவிடச் சூடாக இருந்தால் அந்த மாதங்களில் மழை கூடும். கிழக்குப் பக்கம் சூடானால் குறையும். இவை உறுதிமொழிகள் அல்ல. எந்தப் பக்கம் சாயலாம் என்று சொல்லும் அடையாளங்கள்.

2016இன் பிற்பகுதியில் இந்த அடையாளங்கள் இரண்டும் மழை குறையும் பக்கமே சாய்ந்தன. இடைப்பருவ மழை பொய்த்தது. குளங்கள் நிறையவில்லை. பெரும்போகம் சுருங்கியது, அடுத்த சிறுபோகத்துக்கும் நீர் இல்லை. 2016இல் ஏறத்தாழ 44 இலட்சம் தொன்னாக இருந்த நாட்டின் நெல் விளைச்சல், 2017இல் ஏறத்தாழ 24 இலட்சம் தொன்னாக விழுந்தது. ஒரு மழை தவறியது. இரண்டு போகம் போயிற்று.

அப்படியான ஆண்டில் கமக்காரர் செய்யக்கூடியது, நிலம் முழுவதையும் ஒரே பந்தயத்தில் வைக்காமல் இருப்பது. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் குளத்து நீரின் அளவைப் பார்த்து வயற்பரப்பைக் குறைக்க ஊரே உடன்படலாம். மேட்டு வயலில் நெல்லுக்குப் பதில் பயறு, உழுந்து, எள்ளு, கச்சான் கடலை போடலாம். காற்றைப் போலவே கடலைக்கும் கச்சான் என்றே பெயர். ஆனால் இது வறட்சியில் கைகொடுக்கும் கச்சான்.

மழைக்கு முந்திய எட்டு வாரங்கள்

ஓகஸ்ட் முற்பகுதி: சிறுபோக வைக்கோலை எரிக்கக்கூடாது. நெற்பயிர் எடுத்த பொட்டாசியத்தின் பெரும்பகுதி வைக்கோலில்தான் இருக்கிறது. கச்சான் காற்றில் வைத்த தீ அயல் வேலியோடு நிற்காது. விதைநெல்லை ஈரப்பதன் 13 சதவீதத்துக்கு இறங்கும்வரை உலர்த்தி வைக்கலாம்.

ஓகஸ்ட் பிற்பகுதி: சூரியன் உச்சியில் நிற்பதைப் பயன்படுத்தி மிளகாய், கத்தரி நாற்றுமேடைகளை நனைத்து, ஒளிபுகும் பொலித்தீனால் இறுக மூடி நான்கு வாரம் விடவேண்டும். மண்ணில் உள்ள நோய்க்கிருமிகளும் களை விதைகளும் அந்தச் சூட்டில் பெருமளவு அழியும்.

செப்டெம்பர் முற்பகுதி: குளக்கட்டு, துருசு, வான், வாய்க்கால் வேலை. வயல் வரம்புகளைக் கட்டி உயர்த்துதல். மழை வந்தபின் கட்டும் வரம்பு முதல் மழையைப் பிடிக்காது. ஏக்கருக்கு இரண்டு புசல் விதை என்ற கணக்கில் இரண்டு வயது இனங்களின் விதையை ஏற்பாடு செய்தல். முளைதிறனைப் பார்க்க 100 விதையை ஈரச்சாக்கில் சுற்றி வைத்தால் போதும். 85க்குக் குறைவாக முளைத்தால் வேறு விதை தேடவேண்டும்.

செப்டெம்பர் பிற்பகுதி: முதல் மழையோடு உழவு. களையை முளைக்கவிட்டுப் புரட்டுதல். தகரத்தில் மழை அளந்து நாட்காட்டியில் குறித்தல். பின்னேர இடிமுழக்கம் கேட்டால் திறந்த வயலிலும் தனிமரத்தடியிலும் நிற்காமல் வீடு சேரவேண்டும். ஒக்டோபரும் நொவெம்பரும் மின்னல் அதிகமான மாதங்கள்.

வாசகர் கேள்விகள்

*கிணற்று நீர் உவர்க்கத் தொடங்கிவிட்டது. ஆழப்படுத்தினால் நல்ல நீர் வருமா?*

குடாநாட்டிலும் தீவுகளிலும் கரையோரங்களிலும் வராது. ஆழம் கூடக்கூட உவர்நீருக்குத்தான் கிட்டப் போகிறோம். இறைக்கும் நேரத்தைப் பிரித்துக் குறைப்பது, மாரியில் கூரை நீரையும் வெள்ளநீரையும் தோட்டத்துக்குள்ளேயே தேக்கி நிலத்தில் இறக்குவது ஆகியவையே நீண்டகாலப் பரிகாரம்.

*புழுதியில் விதைத்த நெல் முளைத்தபின் பத்து நாளாக மழை இல்லை. அழித்துத் திரும்ப விதைக்கலாமா?*

அவசரப்படத் தேவையில்லை. இலை நுனி காய்ந்தாலும் அடிக்குருத்துப் பச்சையாக இருந்தால் அடுத்த மழையில் துளிர்க்கும். வயலின் பத்து இடங்களில் ஒரு சதுர அடிக்குள் உயிருள்ள செடிகளை எண்ணிப் பார்க்கவும். சராசரி 10க்கு மேல் இருந்தால் மட்டம் வெடித்து ஈடுகட்டும். வெறுமையான இடங்களுக்கு மட்டும் விதையிட்டால் போதும்.

*தென்னையில் குரும்பை கொட்டுகிறது. மருந்து அடிக்கவேண்டுமா?*

ஆவணி வறட்சியில் கொட்டுவதற்கு நீர்ப்பற்றாக்குறையே முதற்காரணம். பாளை வெடித்து ஏறத்தாழ ஓராண்டில்தான் காய் முற்றுகிறது. ஆகவே இன்றைய வறட்சியின் நட்டம் அடுத்த ஆண்டுப் பறிப்பிலும் தெரியும். மரத்தடி வட்டத்தில் தேங்காய் மட்டைகளைத் தும்புப் பக்கம் கீழே இருக்க அடுக்கி, ஓலையால் மூடவும். மழை தொடங்கும்போது மட்டை புதைத்த குழிகள் தயாராக இருந்தால் அடுத்த கோடைக்கான ஈரம் அங்கே சேரும்.

*மழை எப்போது வரும் என்று யாரிடம் கேட்பது?*

வளிமண்டலவியல் திணைக்களம் பருவகால எதிர்வுகூறலை வெளியிடுகிறது. அதைப் பயிருக்குப் பொருத்தி விவசாயத் திணைக்களம் ஆலோசனை தருகிறது. 1920 என்ற இலக்கத்தில் விவசாய ஆலோசனைச் சேவையை அழைக்கலாம். பகுதி விவசாயப் போதனாசிரியரிடமும் கமநல சேவை நிலையத்திலும் கேட்கலாம். எதிர்வுகூறல் மாவட்டத்துக்குப் பொதுவானது. சொந்த வயலில் எவ்வளவு விழுந்தது என்பதை அங்கே வைத்த தகரம்தான் சொல்லும்.